வயல் மருந்தை வீட்டுக்குள் அடிக்கலாமா? கரப்பான், எலி, கறையான், அரிசி வண்டு பற்றி

ஒக்டோபர் 18, ஏறாவூரிலிருந்து ஒரு கேள்வி

மழை துவங்கினதோட வீட்டுக்குள்ள எல்லாம் ஒண்டா வந்திட்டு. குசினி அலுமாரியில சின்னக் கரப்பான், சீலிங்குக்கு மேல எலி ஓட்டம், பின் கதவு நிலையில கறையான் மண் ஏறியிருக்கு. வயலுக்கு அடிச்ச பூச்சி மருந்து அரைப் போத்தல் மிச்சம் கிடக்கு. அதைத் தண்ணியில கலந்து வீடு முழுக்க ஒருக்கா அடிச்சா மூண்டும் முடியாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒக்டோபர் 18, இரவு

அடிக்காதீங்க தம்பி. மூன்றுக்குமே அது வேலை செய்யாது. எலிக்கு அது மருந்தே இல்லை. கறையானின் கூடு மண்ணுக்குள், சில வேளை பல மீற்றர் தள்ளி இருக்கும். நிலையில் நனைகிறது சாகும், ராணி கூட்டுக்குள் இருந்து முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். கரப்பான் மருந்து பட்ட இடத்தை விட்டுப் படுக்கை அறைக்கு இடம் மாறும்.

அதை விடப் பெரிய விஷயம், அந்த மருந்து வீட்டுக்கென்று செய்ததில்லை. தண்ணியில் ஊற்றினதும் பால் மாதிரி வெளுக்கிற மருந்துகளில் எண்ணெய்க் கரைப்பான் சேர்ந்திருக்கு. வயலில் வெயில், மழை, காற்று எல்லாம் சேர்ந்து அதைக் கரைத்துக் குறைக்கும். வீட்டுக்குள் அது ஒன்றும் இல்லை. சுவரிலும் மெத்தையிலும் பிள்ளை தவழ்கிற நிலத்திலும் அப்படியே கிடக்கும். இங்கே ஒவ்வொரு மருந்தும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகித்தான் விற்பனைக்கு வருது. லேபிளில் ஏக்கருக்கு எவ்வளவு என்று இருக்கும். ஒரு குசினிக்கு எவ்வளவு என்று எந்த வயல் மருந்திலும் இருக்காது. அளவு தெரியாமல் அடிப்பது என்றால் பிள்ளைகளின் மூச்சில் அளந்து பார்ப்பது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் போத்தலை வீட்டுக்கு வெளியே, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வையுங்க. சோடாப் போத்தலுக்கு மாற்றி வைத்திருந்தால் இப்பவே மேலே பெரிதாக நஞ்சு என்று எழுதி ஒட்டுங்க. மற்றது மூன்றையும் ஒவ்வொன்றாக எழுதுறேன்.

ஒக்டோபர் 19

முதலில் கரப்பான். எது என்று பார்க்காமல் ஒன்றும் வாங்காதீங்க.

விரல் நீளத்துக்குப் பெரிதாக, சிவந்த மண்ணிறத்தில், மலசலகூடத்திலிருந்தும் கானிலிருந்தும் வருகிறது ஒரு வகை. அதற்கு மருந்தை விட மூடிதான் முக்கியம். கான் துவாரத்துக்குச் சல்லடை மூடி, குழி மூடியின் வெடிப்புக்குச் சீமெந்து, சிங்கிற்குக் கீழே குழாய் சுவருக்குள் போகிற இடைவெளிக்குப் பூச்சு. இவ்வளவும் செய்தால் முக்கால்வாசி நின்று போகும்.

நீங்கள் சொல்கிற சின்னது வேறே. ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரும், வெளிறின மண்ணிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. அது கானிலிருந்து வருவதில்லை. கடைச் சாமான் வருகிற அட்டைப் பெட்டியோடும், பழைய பிரிட்ஜ் வாங்கினால் அதன் மோட்டரோடும் வரும். அட்டைப் பெட்டியின் விளிம்பை வெயிலுக்குப் பிடித்துப் பாருங்க. இரண்டு தாளுக்கு நடுவில் அலை அலையாக ஓடுகிற ஓட்டைகள் தெரியும். அதற்குள்தான் குஞ்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டை கொண்ட உறையை வாலில் சுமந்து திரிந்து, பொரிக்கிற நேரத்தில்தான் விடும். ஸ்ப்ரே அடித்துப் பெரியவை செத்தாலும் உறைக்குள் இருக்கிறது பிழைக்கிறது அதனால்தான்.

இதற்கு ஜெல் மருந்து. ஊசிக் குழாயில் வரும். உழுந்து அளவு ஒரு புள்ளி, அதுக்கு மேல் வேண்டாம். பெரிய கட்டியாக வைத்தால் மேற்பரப்பு காய்ந்து தோல் போட்டுவிடும், கரப்பான் தொடாது. அலுமாரிப் பிணைச்சலின் உள்பக்கம், லாச்சியின் பின் மூலை, சிங்கின் அடிப்பக்கம், பிரிட்ஜ் மோட்டருக்குப் பக்கத்தில், காஸ் அடுப்பு மேசையின் கீழ் விளிம்பில். சாதாரண குசினிக்கு 25, 30 புள்ளி போதும். வைக்கிறதுக்கு முன்னே எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தண்ணியால் துடைத்துக் காயவிடுங்க. பிசுக்கு இருந்தால் அதுவே அதற்குச் சாப்பாடு, ஜெல்லைத் தேடி வராது. மறுகா அந்த இடத்தைத் துடைக்கவும் கூடாது, ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. ஜெல் தின்றது தன் ஒதுக்கிடத்தில் போய்ச் சாகும், அதன் எச்சத்தைத் தின்கிற குஞ்சுகளும் சாகும். மூன்றாம் நாள் தொடக்கம் பகலிலேயே செத்தது கிடக்கும். இரண்டு கிழமையில் காய்ந்த புள்ளிகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்க.

ஜெல் கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் போரிக் பவுடர் கேளுங்க. ஒரு பங்கு பவுடர், ஒரு பங்கு கோதுமை மா, அதில் பாதி சீனி, பிசைகிற அளவுக்கு மட்டும் தண்ணி. மிளகு அளவு உருண்டை பிடித்துப் போத்தல் மூடிக்குள் வைத்துப் பிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளுங்க. இது மெதுவானது, ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். சீனி இருப்பதால் பிள்ளைகள் எடுத்து வாயில் போடும், கை எட்டாத இடத்தில்தான் வைக்க வேணும்.

ஒக்டோபர் 19, பின்னேரம்

பேக்கரியும் தேத்தண்ணிக் கடையும் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக. மாத் தூள் பறக்கிற இடத்தில் ஜெல் வைத்தால் ஒரு இரவிலேயே தூள் மூடி வீணாகும். அங்கே ஜெல்லை மூடியுள்ள சின்னப் பிளாஸ்ரிக் டப்பிக்குள் வைத்துப் பக்கத்தில் துவாரம் விடுங்க. மா பிசைகிற மெசினின் மோட்டர் மூடிதான் தலைமையிடம், சூடும் இருட்டும் மாவும் ஒரே இடத்தில். பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து தூசு உறிஞ்சியால் இழுத்தாலே பாதி போய்விடும். கொழும்பிலிருந்து வருகிற அட்டைப் பெட்டியைக் கடைக்குள் கொண்டு போகாமல் வாசலிலேயே சாமானைத் தட்டில் மாற்றிவிட்டு, பெட்டியை அன்றைக்கே அனுப்பிவிடுங்க.

ஒக்டோபர் 21

எலி. எச்சத்தைப் பாருங்க. அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, இரண்டு முனையும் கூராக இருந்தால் கூரை எலி, சீலிங்குக்கு மேல் ஓடுகிறது அநேகமாக இதுதான். வளவில் வளை தோண்டி, வாய்க்குப் பக்கத்தில் மண்ணைக் குவித்து வைத்திருந்தால் அது பெருச்சாளி. வயலுக்குத் தண்ணி கட்டினதும் வரம்பில் இருந்தது மேட்டு நிலம் தேடி வளவுக்கு ஏறும். ஒக்டோபர், நவம்பரில் இந்தத் தொல்லை கூடுவதற்கு அது ஒரு காரணம்.

பொறியை எல்லோரும் பிழையாக வைக்கிறார்கள். எலி நடு அறையில் நடக்காது, மீசை சுவரில் உரச உரசப் போகும். பொறியின் இரை இருக்கிற முனை சுவரைத் தொட, பொறி சுவருக்குக் குறுக்காக நிற்க வேணும். ஒன்று போதாது. இரண்டு மூன்று மீற்றருக்கு ஒன்றாக ஆறு, ஏழு வையுங்க. புதுச் சாமானைக் கண்டால் கூரை எலி நாலைந்து நாள் கிட்ட வராது, அதனால் முதல் மூன்று நாள் பொறியைக் கொளுவாமல் இரையை மட்டும் வையுங்க. தின்று பழகின பிறகு எல்லாவற்றையும் ஒரே இரவில் கொளுவுங்க. சுட்ட தேங்காய்ச் சொட்டு நல்லது. கருவாடும் பிடிக்கும், ஆனால் எறும்பும் பூனையும் முந்திவிடும். இரையை நூலால் கட்டுங்க, சும்மா வைத்தால் நோகாமல் எடுத்துக்கொண்டு போகும்.

வீட்டுக்குள் எலிப் பாசாணம் வைக்கிறதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இப்போது விற்கிற கட்டிகள் பெரும்பாலும் இரத்தம் உறையாமல் செய்கிறவை, தின்று மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள்தான் சாகும். அதற்குள் அது சீலிங்குக்குள்ளோ சுவர் இடுக்கிலோ போய்விடும். பத்து நாள் நாற்றம், மறுகா இலையான். நஞ்சு தின்று தள்ளாடுகிற எலியைப் பிடிக்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் அதே கதி. வைக்கத்தான் வேணும் என்றால் வெளியே, பூட்டுகிற பெட்டிக்குள், கட்டியைக் கம்பியில் கோர்த்து வையுங்க.

அடைக்கிறதுதான் வேலை. சீற்றுக் கூரையின் அலை முடிகிற இடத்தில் சுவருக்கும் சீற்றுக்கும் நடுவில் வரிசையாக ஓட்டை இருக்கும். அதற்குக் கம்பி வலை வைத்துச் சாந்து பூசுங்க. அரை அங்குலக் கோழிக்கூட்டு வலை போதும். கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் தகரப் பட்டி அடியுங்க. கூரையைத் தொடுகிற மா, முருங்கைக் கொப்பை ஒரு மீற்றர் தள்ளி வெட்டுங்க.

ஒக்டோபர் 22

நேற்று எழுதினதில் ஒரு பிழை. அரை அங்குல வலை பெரிய எலியை மறிக்கும், சுண்டெலியையும் எலிக் குஞ்சையும் மறிக்காது. பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும். கால் அங்குலக் கண்ணுள்ள வலை வாங்குங்க.

கடற்கரைப் பக்கம், கல்லடியிலும் காத்தான்குடியிலும் இருக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேணும். ஓட்டைக்குள் பாத்திரம் தேய்க்கிற இரும்புத் தும்பைத் திணிக்கச் சொல்லி எங்கேயும் எழுதியிருப்பாங்க. உப்புக் காற்றில் அது துருப்பிடித்துத் தூளாகும். துருப்பிடிக்காத உருக்குத் தும்பு வாங்கித் திணித்து, மேலே சாந்தால் பூசிவிடுங்க. வெறும் சாந்து ஈரமாக இருக்கிற முதல் இரவே எலி தோண்டிவிடும், உள்ளே தும்பு இருந்தால் பல் நிற்கும்.

ஒக்டோபர் 22, இரவு

செங்கலடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா, எலி எச்சத்தைக் கூட்டினால் காய்ச்சல் வருமா என்று. காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டித் தூசு கிளப்பாதீங்க. ஒரு பங்கு வெளிற்றும் திரவம், பத்துப் பங்கு தண்ணி கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறை போட்டுத் துணியால் வழித்து எடுங்க.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் வருவது எலி மூத்திரம் கலந்த தண்ணியும் சேறும் காலில் உள்ள கீறல், வெடிப்பு வழியாகப் போவதால். பெரும்போக வேலைக்கு வயலில் இறங்குகிறவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்க. டொக்சிசைக்கிளின், கிழமைக்கு ஒரு தரம். எல்லோருக்கும் ஒத்து வராது, கர்ப்பிணிகள் கட்டாயம் முதலில் சொல்ல வேணும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை கடுமையாக நொந்தால், கண் சிவந்தால், சலம் குறைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வசனமே வயலில் இறங்கினேன் என்று சொல்லுங்க.

ஒக்டோபர் 25

கறையானுக்கு வருகிறேன். இதைத்தான் அவசரப்படாமல் செய்ய வேணும்.

நிலையில் ஏறியிருக்கிற மண் குழாயின் நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் கத்தி முனையால் உடையுங்க. மேலும் கீழும் தொடக்கூடாது. உள்ளே ஈரமான மண்ணும் வெள்ளையாக ஓடுகிற கறையானும் தெரிந்தால் உயிரோடு இருக்கு. காய்ந்து வெறுமையாக இருந்தால் மூன்று நாள் விட்டுப் பாருங்க. உடைத்த இடத்தைப் புது மண் வைத்துக் கட்டியிருந்தால் போக்குவரத்து நடக்குது. கட்டாவிட்டால் அந்தப் பாதையைக் கைவிட்டுவிட்டது, வேறு பாதை எங்கே என்று தேட வேணும்.

நிலையைச் சுத்தியலின் பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே மேலே போங்க. ஓரிடத்தில் சத்தம் மாறி டொப்பென்று கேட்கும். அந்த இடத்தில் வெளியே வர்ணப் பூச்சுத்தான் மிச்சம், உள்ளே மரம் இல்லை. முதிரை, வைரம் பாய்ந்த பனை என்றால் கறையான் மேலால் மண் கட்டிக்கொண்டு போகும், உள்ளே அவ்வளவாகப் போகாது. தென்னையும் ரப்பர் மரமும் என்றால் உள்ளே கோதிவிடும்.

மண்ணெண்ணெய், கழிவு ஒயில் ஊற்றுகிறவர்கள் அதிகம். நனைந்த மரத்தைச் சில மாதம் தொடாது, பக்கத்து வெடிப்பால் வரும். ஒரு மில்லிமீற்றர் வெடிப்பு அதற்குப் போதும். ஒயில் மட்டும் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

முறையான வேலை இப்படி. சுவரும் நிலமும் சேருகிற கோட்டில் 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 12 மில்லிமீற்றர் துளை, கொங்கிறீற் தட்டைத் தாண்டி மண் வரைக்கும். கறையான் மருந்தை லேபிள் அளவில் கலந்து ஒவ்வொரு துளையிலும் மெதுவாக இறக்கி, மண் குடித்த பிறகு சீமெந்தால் அடைக்க வேணும். வெளிப்பக்கம் அத்திவாரத்தை ஒட்டி ஒரு சாண் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கான் வெட்டி, மீற்றருக்கு 5 லீற்றர் கலவை. வெட்டின மண்ணைத் திரும்பப் போடும்போது அதையும் நனைத்துப் போட வேணும், காய்ந்த மண்ணைப் போட்டால் அதற்குள்ளாலேயே புதுக் குழாய் வரும். துளை போட முதல் தண்ணிக் குழாயும் வயரும் எங்கே போகுது என்று கேட்டுக்கொள்ளுங்க. கிழமைக் கணக்கில் மெதுவாகக் கொல்கிற மருந்துதான் நல்லது. தொட்டது உடனே செத்தால் மற்றவை அந்த வழியை விட்டுவிடும், மெதுவானது என்றால் ஒன்றையொன்று நக்கிக் கூடு வரைக்கும் கொண்டு போகும்.

ஒக்டோபர் 25, இரவு

படுக்கப் போக முதல் இதை எழுத வேணும். மேலே சொன்ன கான் வேலை எல்லா வீட்டுக்கும் இல்லை. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கின மணல் நிலம். மணலில் மருந்து நிற்காது. தண்ணி மட்டம் சில அடியிலேயே இருக்கு, மாரியில் இன்னும் மேலே வரும். வளவுக்கு வளவு கிணறு, உங்கள் சுவரிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணறு பத்தடி கூட இருக்காது. கிணற்றிலிருந்து 15 மீற்றருக்குள் மண்ணில் மருந்து ஊற்ற நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மழை விட்டு விட்டுப் பெய்கிற நாளில் எங்கேயும் வேண்டாம்.

அப்படியான வீட்டில் தின்ற நிலையைக் கழற்றி எரித்துவிட்டு, நிலத்தைத் தொடாமல் இரண்டு அங்குலம் உயர்த்திக் கொங்கிறீற் அடியில் புது நிலை வையுங்க, அல்லது அலுமினிய நிலை. சுவரோடு சாய்த்த விறகையும் பழைய கிடுகையும் அப்புறப்படுத்துங்க. கூரைத் தண்ணி சுவரடியில் விழாமல் பீலியைச் சரி செய்யுங்க, ஈரம் இல்லாத மண்ணில் அது தங்காது. இரை வைக்கிற முறையும் இருக்கு, வேலை தெரிந்தவர்கள் மரத் துண்டுப் பெட்டி புதைத்து மாதக் கணக்கில் பார்ப்பாங்க. செலவு கூட, கிணற்றுக்குப் பயமில்லை.

ஒக்டோபர் 27

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி: மேசைக்குக் கீழே கசகசா மாதிரி மணி மணியாகக் கொட்டிக் கிடக்கு, மண் குழாய் ஒன்றும் இல்லை, கறையானா?

ஓம், ஆனால் வேறு வகை. மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழ்கிறது. அந்த மணிகள் அதன் எச்சம், கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பக்கம் தெரியும். தொட்டால் மணல் மாதிரி உருளும். மாவாக இருந்தால் அது மரவண்டு. இதற்கு நிலத்தில் மருந்து ஊற்றுவது முழு வீண். கொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஊசித் துவாரம் இருக்கும், அதற்குள் மர மருந்தை ஊசியால் ஏற்றி மெழுகால் அடையுங்க. மேசை சின்னதென்றால் வெளியே கொண்டு போய்விடுவதுதான் சுகம்.

ஈசல் பற்றியும் கேட்டிருந்தா. முதல் மழைக்கு விளக்கைத் தேடி வெளியே இருந்து வருகிறதற்குப் பயப்பட வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டால் போகும், விழுந்ததில் அநேகம் சாகும். ஜன்னல் பூட்டியிருக்க உள்ளே சிறகு குவிந்து கிடந்தால், அது வீட்டுக்குள்ளிருந்தே பறந்தது. அப்போது தேட வேணும்.

ஒக்டோபர் 30, காத்தான்குடியிலிருந்து ஒரு கடைக்காரர்

அரிசி மூட்டையில வண்டு. ஒருத்தர் சொல்றார், மூட்டைக்கு நடுவில மாத்திரை வச்சு ராவைக்குக் கடையப் பூட்டினாச் சரியாம். கடைக்குப் பின்னாலதான் வீடு. செய்யலாமா?

ஒக்டோபர் 30, ஒரு மணித்தியாலம் கழித்து

காக்கா, தயவு செய்து வைக்காதீங்க. வாங்கி வைத்திருந்தால் கடைக்குள்ளேயே வைத்திருக்காதீங்க.

அது அலுமினியம் பொஸ்பைட். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்ற வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயு தரும். அந்த வாயு காற்றை விடக் கொஞ்சம் பாரம், சுவர் வெடிப்பாலும் கதவுக்குக் கீழாலும் வயர் போகிற ஓட்டையாலும் அடுத்த அறைக்குப் போகும். உள்ளி மணம், மீன் மணம் வரும் என்பாங்க, மணம் வராமலேயே ஆளைக் கொல்லும் அளவு இருக்கலாம். அதற்கு முறிவு மருந்து கிடையாது. கடையில் வைத்தது நடுச்சாமத்தில் பின்னால் படுத்திருக்கிற பிள்ளைகளுக்குப் போகும். பெரிய களஞ்சியங்களில் இதைப் பாவிக்கிறார்கள் என்பது உண்மைதான். அங்கே மூட்டை அடுக்கைக் காற்றுப் புகாத படங்கால் மூடி, விளிம்பில் மணல் பாம்பு (மணல் நிரப்பின நீளத் துணிப் பை) வைத்து, ஆள் ஒருவரும் இல்லாமல் நாள் கணக்கில் விட்டு, வாயுவை அளந்து பார்த்துத்தான் திறப்பாங்க. குடியிருக்கிற கட்டடத்தில் அதற்கு இடமே இல்லை. செப்பு வயரையும் அரிக்கும், உங்கள் தராசும் பிரிட்ஜும் கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியது: மூக்கு நீண்ட வண்டு என்றால் அது அரிசிக்குள்ளேயே முட்டை போடுகிற வகை. இந்தச் சூட்டில் ஒரு மாதத்துக்குள் முட்டை வண்டாகும். சல்லடையில் அரித்தால் வெளியே நடக்கிறது போகும், மணிக்குள் இருக்கிறது மூன்று கிழமையில் வரும். அதனால் அரித்த மூட்டையைப் புது மூட்டையோடு சேர்க்காதீங்க, முதலில் விற்றுத் தீருங்க. லொறி வந்த உடனே மூட்டைக்கு ஒரு பிடி எடுத்துச் சல்லடையில் போட்டுப் பாருங்க, வண்டு இருந்தால் இறக்காமல் திருப்புங்க. மூட்டையை நிலத்தில் போடாமல் மரத் தட்டில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்க, சுவர்ப் பக்கம் கூட்ட முடிய வேணும். வெறும் சாக்கைக் கடைக்குள் சுருட்டி வைக்காதீங்க, அடுத்த வண்டு அதற்குள்தான் இருக்கு.

வீட்டுக்கு அரிசி வாங்குகிறவர்கள் இரண்டு கிலோ இரண்டு கிலோவாகக் கட்டி பிரீசரில் நாலு நாள் வைத்தால் முட்டையும் சாகும். பிரீசர் இல்லாவிட்டால் நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காய விடுங்க. காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் வண்டைக் கொல்வதில்லை.

நவம்பர் 1

சம்மாந்துறை ஆலையில் வேலை செய்கிற ஒருவர் திருத்தம் சொல்லியிருக்கிறார், சரியானது. பச்சை அரிசியை வெயிலில் பரப்பினால் மணி வெடித்துச் சோறு குறுணலாகும். புழுங்கல் கொஞ்சம் தாங்கும். ஆகவே வெயில் நெல்லுக்கு, அரிசிக்கு நிழலும் பிரீசரும். நெல்லென்றால் ஈரம் 14 சதவீதத்துக்கு வரும் வரைக்கும் காய வேணும். நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்கிற அளவும் அதுதான். அதற்கு மேல் ஈரம் இருந்தால் வண்டு மட்டுமில்லை, பூஞ்சணமும் வரும்.

அவர் சொன்ன இன்னொன்று: காற்றுப் புகாத பீப்பாயை வாய் வரைக்கும் நிரப்பி மூடினால் உள்ளே இருக்கிற வண்டு காற்றில்லாமல் சாகும். பாதி நிரப்பினால் பலிக்காது. தினமும் திறந்து எடுத்தாலும் பலிக்காது. அன்றாடத்துக்கு ஒரு சின்ன வாளி வேறாக வையுங்க.

நவம்பர் 4

எறும்பு. வெண்காரம் ஒன்றரை மேசைக்கரண்டி, சீனி அரைக் கோப்பை, சூடான தண்ணி ஒன்றரைக் கோப்பை. கரைத்துப் பஞ்சில் நனைத்து வரிசை போகிற வழியில் வையுங்க. முதல் நாள் கூட்டம் கூடும், கூடட்டும், நசுக்காதீங்க, அதுதான் கூட்டுக்குக் கொண்டு போகும்.

நவம்பர் 9

நுளம்பு. வளவில் சிரட்டை, ரயர் எல்லோரும் பார்க்கிறாங்க. பார்க்காத இடம் மூன்று: பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணி தேங்குகிற தட்டு, இலை அடைத்த பீலி, பாவிக்காத மலசலகூடத்தின் சிஸ்ரேன். கிழமைக்கு ஒரு தரம், நாள் குறித்து. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், கிழமைக்கு ஒருக்கா கொட்டினால் ஒன்றும் பறக்காது. கொட்டினால் மட்டும் போதாது, உள் சுவரைத் தேய்க்க வேணும். முட்டை தண்ணி மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும், மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

உப்புத் தண்ணியில் டெங்கு நுளம்பு வராது என்று வாவிக் கரையில் நம்புகிறாங்க. ஓரளவு உவர்த் தண்ணியிலும் அது பெருகும் என்று இலங்கைக் கரையோரத்தில் எடுத்த ஆய்வு 2011இலேயே காட்டினது. கவிழ்க்காமல் விட்ட தோணியையும் கைவிட்ட கிணற்றையும் பாருங்க. கிணற்றுக்குக் கப்பி மீன் விடலாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வளவில் நுளம்பு பெருக விடுவது குற்றம், கடைக்கும் அது பொருந்தும்.

புகை அடிப்பதைப் பற்றி: அந்த நேரம் பறக்கிறது சாகும். தண்ணிக்குள் நெளிகிற குடம்பிக்கு ஒன்றும் ஆகாது.

நவம்பர் 13

மூட்டைப்பூச்சி பற்றி விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர் கேட்டாச்சு. மெத்தைக்கு வயல் மருந்து அடித்தேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மெத்தையில் இனிப் படுக்காதீங்க, சத்தியமாகச் சொல்றேன், அதை அகற்றிவிடுங்க.

கொழும்பு இரவு பஸ்ஸில் வந்த பையைக் கட்டிலில் வைக்காமல் வெளியே வைத்து உடுப்பைக் கொதி தண்ணியில் ஊற வையுங்க. கட்டிலைக் கழற்றிச் சட்டம் பொருந்துகிற துளை ஒவ்வொன்றிலும் கொதி தண்ணியை ஊற்றுங்க, கறுப்புப் புள்ளி இருக்கிற இடமே கூடு. கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கால் நாலையும் சவர்க்காரத் தண்ணிக் கிண்ணத்தில் வையுங்க. துப்பட்டி நிலத்தில் தொங்கக் கூடாது. முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும், அதனால் பத்தாம் நாள் முழு வேலையையும் திரும்பச் செய்ய வேணும். இரண்டாம் தரத்தை விட்டவர்களுக்குத்தான் திரும்ப வந்தது.

நவம்பர் 16, ஏறாவூர் வாசகர்

ஜெல் வச்சு ரெண்டு கிழமை, கரப்பான் நல்லாக் குறைஞ்சிட்டு. சீலிங்கில அஞ்சு எலி பிடிச்சம். நிலையில உடைச்ச இடத்தைக் கறையான் திரும்பக் கட்டேல்ல. அந்தப் போத்தலை என்ன செய்யிற? லேபிளும் கிழிஞ்சிட்டு, வாப்பா காலத்துச் சாமான்.

நவம்பர் 16, இரவு

நல்ல வேலை செய்திருக்கிறீங்க. நிலையை மாரி முடியும் வரைக்கும் மாதம் ஒருக்கா தட்டிப் பாருங்க, கட்டாதது வேறு வழி எடுத்ததாகவும் இருக்கலாம்.

போத்தல் வாப்பா காலத்துதென்றால் இன்னும் கவனம். மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டும் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் இந்த நாட்டில் தடை செய்தது, சில வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கு. திறந்து மணந்து பார்க்காதீங்க. கானிலோ வாவியிலோ மலசலகூடத்திலோ ஊற்றாதீங்க, எரிக்காதீங்க, புதைக்காதீங்க. தடித்த பிளாஸ்ரிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, சுற்றிவர மரத்தூள் நிரப்பி, மூடி, பூட்டி வையுங்க. கமநல சேவை நிலையத்தில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போத்தலின் படத்தைக் காட்டிக் கேளுங்க, போத்தலைக் கையில் கொண்டு பஸ்ஸில் ஏறாதீங்க.

யாராவது குடித்தால், உடம்பில் பட்டால் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்க, மருந்தின் பெயர் தெரியப் போத்தலின் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்க.